நான் கேட்டு வாங்கிய வேலி: கயத்தாறு பக்கத்துப் போர்க்கால ஓடுதளம்

இந்தப் பதிவில் கடைசி ஏழு கிலோமீட்டருக்கு வழி இருக்காது. கயத்தாறு வரைக்கும் எல்லாவற்றையும் வழக்கம்போலச் சொல்லிவிடுகிறேன்: ரயில் நேரம், பஸ் கட்டணம், டீ விலை உட்பட. அதற்கு அப்புறம் எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், எந்த ஊரைத் தாண்ட வேண்டும் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வலைப்பூவில் அந்த இடத்துக்கு வரைபடம் போட்டு, அம்புக்குறி போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியவன் நான்தான். அதனால் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் இந்த ஐப்பசி முதல் வாரத்தில் போனேன். பார்த்துவிட்டு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது என்பதால் எழுதுவது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தகடு வேலை பார்த்தவன். விமானத்தின் உடம்பில் அலுமினியத் தகட்டைப் பொருத்தி ரிவெட் அடிப்பது என் தொழில். அஜீத் சண்டை விமானத்தின் இறக்கையிலும் கிரண் பயிற்சி விமானத்தின் வாலிலும் நான் அடித்த ரிவெட்டுகள் இந்த நாட்டு வானத்தில் பறந்திருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு, தென்னாட்டில் போர் விமானங்கள் செய்யப்பட்ட, பறந்த, இறங்கிய இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதுகிறேன். “நீங்க ஊர் சுத்திப் பாக்கப் போறீங்களா, ஊர் ஊராச் சண்டை போடப் போறீங்களா?” என்று என் மனைவி கேட்பாள். இரண்டும் ஒன்றாகவே நடந்துவிடுகிறது, நான் என்ன செய்ய.

நாம் நம் விமானங்களை நடத்தும் விதம் அப்படி. சேவை முடிந்த ஜெட் ஒன்றை நாற்சந்தியில் தூணில் ஏற்றி வைப்பார்கள். வீட்டு கேட்டுக்கு அடிக்கும் பெயிண்டை அதற்கு அடிப்பார்கள். காற்று உள்ளே போகும் வாயில் புறா குடியிருக்கும். வாலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். கீழே கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர் என்று பத்துப் பெயர் இருக்கும். விமானத்தின் பெயர் மட்டும் இருக்காது. நான் வால் பக்கம் போய் நின்று ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்து, இது எங்கள் ஷெட் வேலைதான் என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவேன்.

எங்கள் தொழிற்சாலையே போர்க்காலத்துப் பிள்ளைதான். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த நேச நாட்டு விமானங்களை அங்கேதான் பிரித்துப் பூட்டினார்கள். தண்ணீரில் இறங்கும் கேட்டலினா விமானங்கள் பெங்களூர் ஏரியில் வந்து இறங்கி, கரையேறி, பழுது பார்த்துக்கொண்டு திரும்பியிருக்கின்றன. போர் முடிந்து கிளம்பியவர்கள் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் குவியலாக விட்டுப் போனார்கள். நம் கைக்குக் கிடைத்தாலும் பறக்கக் கூடாது என்று உடைத்துவிட்டுத்தான் போனார்கள். அந்தக் குவியலில் இருந்து ஒவ்வொன்றாகத் தேற்றி எடுத்து, பெங்களூர் வரைக்கும் ஓட்டிவந்து, முழுசாகச் சரிசெய்து மறுபடி வானத்தில் ஏற்றியவர்கள் எனக்கு முந்தைய தலைமுறைத் தொழிலாளிகள். புதிதாகச் செய்வதைவிடப் பழையதைப் பறக்க வைத்திருப்பதுதான் பெரிய வேலை என்பதை நான் அவர்களிடம்தான் கற்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் மறந்துவிட்டேன்.

அந்தப் போர்க்காலத்தில் விமானங்கள் ஏறி இறங்கத் தெற்கே ஆங்காங்கே ஓடுதளங்கள் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் ஒன்று, செட்டிநாட்டில் ஒன்று, கயத்தாறு பக்கம் கரிசல் காட்டில் ஒன்று. இந்தக் கடைசி இடத்தில் எந்தெந்த விமானம் இறங்கியது, எத்தனை நாள் பறந்தது என்று அடித்துச் சொல்லும் காகிதம் எதுவும் என் கையில் இல்லை. கேட்ட இடத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவற்றை நான் எழுதப்போவதில்லை. தெரியாததை எழுதி ஒருமுறை பட்டது போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், அந்த ஓடுதளத்தின் நடுவில் நான் தனியாக நின்றேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிமெண்டுப் பாளங்கள், கட்டம் கட்டமாக. ஒரு ஆள் இல்லை. அப்போது நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: “எண்பது வருஷ வெயிலுக்கும் மழைக்கும் பிறகும் ஒரு விரிசலில் ஒரு செடி இல்லை. இதுதான் வேலை. இன்றைக்கு நாம் போடும் ரோடு எண்பது நாள் தாங்குமா? ஆனால் இந்தச் சரித்திர ஓடுதளம் முழுக்க ஆட்டுப் புழுக்கை. வெட்கக்கேடு. கால்நடைகளை உடனடியாக அப்புறப்படுத்தி, சுற்றிலும் வேலி போட வேண்டும்.”

அந்தப் பதிவுக்கு வந்த பாராட்டு வேறு எந்தப் பதிவுக்கும் வந்ததில்லை. பழைய விமானங்கள் மேல் பிரியம் உள்ள எங்கள் குழுவினர் அதை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, மனுவோடு சேர்த்து உரிய இடத்தில் கொடுத்தார்கள். நம்ப மாட்டீர்கள், எட்டே மாதத்தில் வேலி வந்துவிட்டது. குழுவின் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தையும் இங்கே போட்டிருந்தேன். வேண்டுமென்றே அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். பெங்களூரில் இரவு ஏறினால் மைசூர் - தூத்துக்குடி ரயில் காலையில் கோவில்பட்டியில் இறக்கிவிடும். அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதம், 9.10க்கு இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீ 15 ரூபாய், வடை 10. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். திருநெல்வேலி போகும் சாதாரண பஸ்ஸில் கயத்தாறுக்கு 27 ரூபாய் டிக்கெட். கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். புறவழியில் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டால் ஊருக்குள் வராமல் நாற்கர சாலையிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள், கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். முந்தின நாள் நல்ல மழை. இடைசெவல் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. விதைப்பு முடிந்த காடுகளில் உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. தூரத்தில் காற்றாலைகள் பாதி சுற்றின, பாதி சும்மா நின்றன.

கயத்தாற்றில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் முருகேசன். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 500 கேட்டு 450க்கு ஒத்துக்கொண்டார்.

“பிளேன் கிரவுண்டுக்கா அண்ணாச்சி? அங்கன இப்ப யாரையும் உள்ள விட மாட்டாவளே.”

“என்னை விடுவார்கள்” என்றேன். என் குரலில் இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

11.25க்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். வேலியைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். ஆளுயரக் கல்தூண்கள், முள்கம்பி, பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் கேட், ‘பாதுகாக்கப்பட்ட பகுதி, அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று பலகை. செல்போனை எடுத்தேன். படத்தில் பாதியை ஆடு மறைத்தது. கேட்டுக்கு முன்னால், தார் ரோட்டின் ஓரத்தில், ஒரு எண்பது தொண்ணூறு செம்மறிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, கையில் தொரட்டியோடு நின்றார்.

“அம்மா, ஒரு போட்டோ எடுக்கணும். ஆட்டைக் கொஞ்சம் ஒதுக்குங்க. வேலி போட்ட பிறகும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவீங்களா?” என்றேன்.

“ஒதுக்குதேன் அண்ணாச்சி” என்றார். “எங்கன ஒதுக்கன்னுதான் தெரியல.”

அவர் குரல் கொடுத்ததும் ஆடுகள் நகர்ந்தன. நகர்ந்த விதத்தைப் பார்த்துத்தான் போனைக் கீழே இறக்கினேன். முன்னால் போனவற்றில் ஏழெட்டு நொண்டின. ஒன்று நடக்கவே இல்லை. முன்னங்கால் இரண்டையும் முட்டி போட்டுக்கொண்டு அப்படியே ஓரத்துப் புல்லைக் கடித்தது. அதன் காலில் குளம்புக்கு நடுவே சதை வெள்ளையாகப் பிளந்திருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. காவலாளி கருப்பசாமி, முப்பத்தைந்து வயது இருக்கும், எழுந்து வந்து யார், என்ன என்று விசாரித்தார். பழைய விமானங்களைப் பற்றி எழுதுகிறவன் என்றேன். உடனே முகம் மாறி, “இருங்க” என்று உள்ளே போய், லேமினேட் செய்த ஒரு காகிதத்தோடு வந்தார். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல இருக்கது நீங்கதான?”

என் பதிவுதான். தொப்பி வைத்துக்கொண்டு ஓடுதளத்தின் நடுவில் நான் நிற்கும் படமும் இருந்தது. ‘கால்நடைகளை உடனடியாக அப்புறப்படுத்தி’ என்ற வரியின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

“யாராச்சும் ஆடு விடணும்னு சண்டைக்கு வந்தா இதக் காட்டச் சொல்லியிருக்காவ” என்றார் கருப்பசாமி. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “மதினி, இவியதான் அந்தப் பேப்பர்ல எழுதுனவிய” என்றார்.

வேலிக்கு வெளியே ஆட்டோடு நிற்பவருக்கு அந்தக் காவலாளி கொழுந்தன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் பெயர் பேச்சியம்மாள். கத்துவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கிட்டே வந்து, காகிதத்தில் இருந்த என் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

“எந்த மாசம் வந்தீய அண்ணாச்சி?”

“சித்திரை.”

“அதான்” என்றார். “சித்திரையில எங்க கிடையெல்லாம் வயக்காட்டுப் பக்கம் போயிருக்கும். அறுத்த வயல்ல கிடை போட்டா ஒரத்துக்காச்சின்னு வயக்காரவியளே கூப்புடுவாவ. மழைக்குத்தான் திரும்பி வாரோம். நீங்க ஆளில்லாத நேரமா வந்துருக்கீய.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஐந்து நிமிஷம் இறங்கி நடந்ததற்கே என் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ ஆகியிருந்தது. காடெல்லாம் விதைத்துக் கிடக்கும்போது ஆட்டை உள்ளே விட முடியாது. சேற்றிலேயே இரவும் பகலும் நின்றால் குளம்பு அழுகும். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் தேங்காத, காயும் தரை அந்த ஓடுதளம் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நாலு ஊர் ஆட்டுக் கிடைகள் அங்கேதான் அடையும்.

“சும்மா ஒண்ணும் ஏத்த முடியாது” என்றார் பேச்சியம்மாள். “புரட்டாசியில மொத மழ பெஞ்ச மறுநா, கிடை வச்சிருக்க வீட்டுக்காரவிய எல்லாரும் உள்ள எறங்கிருவோம். வீட்டுக்குப் பத்துக் கட்டம். சிமெண்டு இடுக்குல சீமக்கருவ மொளச்சிருக்கும்லா, அத வேரோட எடுத்துரணும். பத்துக் கட்டம் எடுக்காதவிய ஆடு சிமெண்டுல ஏறக் கூடாது. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அதான் வழக்கம். அதுக்கு முன்னயும் அதான்னு சொல்லுவாவ.”

எண்பது வருஷமாக ஒரு விரிசலில் ஒரு செடி இல்லை என்று மெச்சி எழுதினேனே, அது போட்டவன் திறமை இல்லை. வருஷா வருஷம் குனிந்து பிடுங்கியவர்களின் வேலை. முப்பத்தைந்து வருஷம் விமானத் தொழிற்சாலையில் இருந்தவன் நான். பராமரிக்காமல் எதுவும் நிற்காது, ஒவ்வொரு ரிவெட்டையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் விமானம் விமானமாக இருக்கும் என்று பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுத்தவன். சுத்தமான ஓடுதளத்தைப் பார்த்ததும் இதை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. புழுக்கை மட்டும் கண்ணில் பட்டது.

குட்டிகளை அடைக்க ரோட்டோரம் ஒரு மூங்கில் கூடு வைத்திருந்தார். அதற்கு மூடி ஒரு அலுமினியத் தகடு. கையில் வாங்கிப் பார்த்தேன். தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு சமமாக உட்காரும் ரிவெட், ஒரே இடைவெளியில் இரண்டு வரிசை; பஸ்ஸிலோ பாத்திரத்திலோ இப்படி அடிக்க மாட்டார்கள். ஏதோ ஒரு விமானத்தின் தோல். எந்த விமானம் என்று சொல்லத் தெரியவில்லை. மாமனார் வீட்டுச் சொத்து என்றார். ஓரத்தில் இரண்டு ரிவெட் போய்விட்ட இடத்தில், லாட ஆணியை வெட்டிச் செருகி இரண்டு பக்கமும் தட்டி மழுக்கியிருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். “நாந்தான். குட்டிக் காது கிழிச்சிச்சு, அதான் தட்டிவிட்டேன்” என்றார். தூணில் ஏற்றிய எந்த ஜெட்டுக்கும் இவ்வளவு கவனிப்புக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

போன மழைக்குப் பதினோரு ஆடு போய்விட்டதாம். “இந்த மழைக்கும் தெறக்கலன்னா எட்டயபுரம் சந்தைக்குத்தான் ஓட்டணும். நொண்டி ஆட்ட எவன் வாங்குவான், அறுப்புக்குத்தான் கேப்பான்” என்று அவர் சொன்னபோது நான் எழுந்துவிட்டேன். கேட்டைத் திறக்கச் சொன்னேன். கருப்பசாமி எனக்குத் திறந்தார். சரித்திர ஆர்வலர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று உத்தரவாம். அதுவும் எங்கள் மனுவில் நான் சேர்த்த வரிதான்.

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டே வருஷம். கட்டத்துக்குக் கட்டம் இடுக்கில் எல்லாம் சீமைக்கருவேலம். சில இடத்தில் இடுப்பளவு, சில இடத்தில் தலைக்கு மேல். வேர் பருத்துப் பாளத்தின் ஓரத்தைத் தூக்கியிருந்தது. தூக்கிய இடத்தில் தண்ணீர் இறங்கி அடுத்த பாளமும் விரிசல் விட்டிருந்தது. எண்பது வருஷம் தாங்கியதை இரண்டு வருஷத்தில் பிளந்துவிட்டோம், பாதுகாத்து. கிழக்கு முனையில் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரிகள் இரண்டு நின்றன. அவை திரும்பித் திரும்பி அந்தப் பக்கத்துப் பாளங்களை நொறுக்கியிருந்தன. கேட்டதற்கு, “அவிய லெட்டர் வச்சிருக்காவ சார்” என்றார் கருப்பசாமி. இத்தனை டன் லாரிக்கு லெட்டர் கிடைக்கிறது. நாலு கால் செம்மறிக்குக் கிடைக்கவில்லை.

அங்கே நின்றே போன் போட்டேன். மனு கொடுத்த காலத்தில் எங்களோடு பேசிய அதிகாரி எடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். “சார், உங்க கோரிக்கைய முழுசா நிறைவேத்திட்டோம். இப்ப ஆடு விடணும்னா அது உங்க மனுவுக்கே எதிரானது. நீங்களே புதுசா ஒரு மனு குடுங்க, பரிசீலிக்கிறோம்.” எத்தனை நாள் ஆகும் என்றேன். கார்த்திகைக்குள் ஆகுமா என்றேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார். நான் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை, லைனை வைத்துவிட்டார். மழை யாருடைய பரிசீலனைக்கும் காத்திருக்காது என்று வைத்துவிட்ட போனிடம்தான் சொன்னேன்.

திரும்பிக் கேட்டுக்கு வந்தேன். “கண்காணிப்புக் கேமரா ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கு ஒரு நாள் நான் பொறுப்பு, ஆட்டை உள்ளே விடுங்கள்” என்று கருப்பசாமியிடம் சொன்னேன். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார்.

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்க ரயிலேறிப் போயிருவீய. நாளைக்கு அவன் வேலை போயிரும். ரெண்டு பிள்ளைய வச்சிருக்கான்.”

“அப்புறம் நான் என்னதான் செய்யட்டும்?” என்று கேட்டேன். அது கோபமாகத்தான் வந்தது.

அவர் வேலிக்குள் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தியை எடுத்து, கம்பி இடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார். “உங்களத்தான உள்ள விடுதாவ. மழ பெஞ்சு மண்ணு இளகியிருக்கு. மேக்க கெடக்க கட்டமெல்லாம் இந்த வருசத்துக் கன்னுதான், கைக்கு வந்துரும். முடிஞ்ச மட்டும் எடுத்துப் போட்டுட்டுப் போங்க. என்னைக்காச்சும் தெறந்தா நிக்கதுக்குத் தரை வேணும்லா.”

மணி அப்போது 1.40. முருகேசன் ஆட்டோவில் படுத்துவிட்டார். நான் வேலியை ஒட்டிய மேற்குப் பக்கத்துக் கட்டத்தில் குனிந்தேன். முதல் கன்றை இழுத்ததும் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது.

“மேல ஒடிச்சா நாலாக் கிளைக்கும்” என்று வேலிக்கு வெளியே இருந்து குரல் வந்தது. “பக்கத்துல கொத்திக்கிட்டு, தூருல பிடிச்சு மெதுவா இழுங்க.”

அப்படி இழுத்ததும் ஒரு முழ நீளத்துக்கு ஆணிவேர் ஈரத்தோடு முழுசாக வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. முள் உள்ளங்கையில் ஏறியது. நான் அடுத்த இடுக்குக்கு நகரும்போதெல்லாம் அவரும் வேலிக்கு அந்தப் பக்கம் கூடவே நகர்ந்தார். விட்டுப்போனதைக் கையை நீட்டிக் காட்டினார். நான் திட்டி எழுதியவர்களில் ஒருவர் எனக்கு மேஸ்திரியாக நின்றார், அதுவும் வேலிக்கு வெளியே, நான் கேட்டு வாங்கிய வேலிக்கு. எனக்கு அழுகை வந்தது. தூறலில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4.15க்கு இடுப்பு நிமிரவில்லை. அதற்குள் முடித்தது இரண்டரைக் கட்டம். களைக்கொத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கருப்பசாமியிடம் அந்த லேமினேட் காகிதத்தைக் கேட்டேன். அது ஆபீஸ் சொத்து, கொடுக்க முடியாது என்றார். பேனாவை மட்டும் வாங்கி, அவர் கையில் இருந்த காகிதத்தின் பின்பக்கம், ‘இதை எழுதியவன் விவரம் தெரியாமல் எழுதினான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிளாஸ்டிக் மேல் மை ஒட்டவில்லை. இதெல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய பதிவின் வரைபடத்தை நீக்கிவிட்டேன். பதிவை நீக்கவில்லை, அதன் தலையில் இந்தப் பதிவுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன். புது மனு எழுதி அனுப்பியாகிவிட்டது, ஆட்டையும், பத்துக் கட்டம் எடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து. எங்கள் குழுவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள், ஓடுதளத்தின் மாண்பு கெடுமாம். அவர்களை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன். திரும்பும் ரயில் கோவில்பட்டியில் மாலை ஆறரைக்கு மேல். கயத்தாற்றில் இருந்து ஐந்து மணிக்குள் பஸ் ஏறிவிட்டால் சரியாக இருக்கும். ஐப்பசியில் போனால் செருப்பு உதவாது, ரப்பர் பூட்ஸ் போடுங்கள்.

உங்களையும் உள்ளே விடுவார்கள், என்னை விட்டதுபோல. உங்களுக்கு நாலு கால் இல்லை, அது போதும். எனவே வர விருப்பம் உள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள், நானே கூட வந்து கூட்டிப் போகிறேன். கேமரா இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. தடித்த தோல் கையுறையும் களைக்கொத்தியும் கட்டாயம். மழை பெய்த மறுநாளாகப் பார்த்துத்தான் தேதி சொல்வேன். போய் நின்றதும் முதலில் குனிய வேண்டும், படமெல்லாம் அதற்குப் பிறகு.

பத்துக் கட்டம் எடுக்காதவர்கள் அந்தச் சிமெண்டில் ஏறக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். எனக்கு இன்னும் ஏழரைக் கட்டம் இருக்கிறது.